வாசலில் சொன்ன சொல்

பென்ஷன் எடுத்த மனிதன் பகல் முழுக்க வீட்டில் இருப்பது வீட்டுக்காரிக்குத் தண்டனை என்று என் மனைவி சொல்வாள். கொரோனாக் காலத்தில் அவளுக்கு அந்தத் தண்டனை இரட்டிப்பாயிற்று. வெள்ளவத்தையில் எங்களுக்கு மூன்றாம் மாடி பிளாட். இரண்டு அறை, ஒரு குசினி, கடலை ஒரு முழத்துக்கு மட்டும் காட்டுகிற பல்கனி. முப்பத்தைந்து வருடம் கந்தோரில் ஆட்களை அதட்டிப் பழகிய நான், அதட்ட ஆளில்லாமல் குசினிக்குள் புகுந்தேன். மிளகாய்த்தூள் போத்தலுக்கும் மஞ்சள் போத்தலுக்கும் பெயர் எழுதி ஒட்டினேன்.

"இஞ்சருங்கோ, இவ்வளவு காலமும் மஞ்சள் எதெண்டு தெரியாமலோ உங்களுக்குச் சமைச்சுப் போட்டனான்?" என்றாள்.

மார்கழி மழை விடாமல் பெய்தது. கனடாவிலிருந்து மகன் போன் எடுத்து, "அப்பா, இங்க வின்டர், வெளிக்கிடேலாது" என்பான். "இஞ்ச வின்டர் இல்லாமலே வெளிக்கிடேலாது" என்பேன்.

அந்த மழைக்குள்தான் சுகாதாரப் பரிசோதகர் வந்து, எங்கள் கட்டடத்தில் எல்லாருடைய மூக்கிலும் குச்சி விட்டுப் போனார். இரண்டு நாளில் முடிவு வந்தது. எனக்கு இல்லை. அவளுக்கு இருக்கிறது.

எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். பிறவிக் குணம். மேல்மாடி முஸ்லிம் அம்மாவுக்குப் புட்டுக் கொண்டுபோய்க் கொடுத்ததால் வந்த வினை என்று கத்தினேன். "சொன்னாக் கேட்டாத்தானே!" பேப்பர் வாங்குகிற சாட்டில் நாள்தோறும் கீழே போய் நின்று ஊர்க்கதை கதைத்தவன் நான்தான். அதை அவள் சொல்லிக் காட்டவில்லை.

மறுநாள் காலை பஸ் வந்தது. எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று பஸ்ஸில் ஏறிய பிறகுதான் தெரியுமாம். நான் அவளுடைய பையில் சுடுதண்ணீர்ப் போத்தலைத் திணித்தேன். சிப் மூட மாட்டேன் என்றது. வெள்ளை உடுப்பால் தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு நின்ற பரிசோதகர் "யமு, யமு" என்று அவசரப்படுத்தினார். அவள் வாசலில் நின்று, "போட்டு வாறன்" என்றாள்.

நான் நிமிரவேயில்லை. பாதி மூடிய பையை அவள் கையில் திணித்து, "போம், போம், பஸ் நிக்குது" என்றேன்.

அவள் படியிறங்கிவிட்டாள். பின்னால் போன பரிசோதகர் திரும்பி என்னிடம், "கிஹில்லா என்னங், மாத்தயா" என்றார். போய் வருகிறேன் ஐயா என்று அர்த்தம். சிங்களவர்களுக்கும் அதே வழக்கந்தான். அந்நிய மனிதர் முறையாகச் சொல்லிப் போகிறார், நான் கட்டிய மனைவியை என்ன சொல்லி அனுப்பினேன்? 

எங்கள் ஆட்கள் கீழே குப்பை கொட்டப் போனாலும் 'போட்டு வாறன்', அதாவது போய்விட்டு வருகிறேன், என்றுதான் சொல்வார்கள். வீட்டில் நிற்கிறவர் 'போட்டு வாரும்' என்று திருப்பிச் சொல்ல வேண்டும். செத்தவீட்டில் இருந்து மட்டுந்தான் ஒன்றும் சொல்லாமல் எழும்பி வருவோம். நாற்பது வருடத்தில் எத்தனை சண்டை பிடித்திருப்போம். ஒருநாளும் அவளை நான் வெறும் 'போ' சொல்லி அனுப்பியதில்லை. என்ர வாயிலதான் சனி!

பல்கனிக்கு ஓடினேன். பஸ் பெரிய வீதிப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. "போட்டு வாரும்!" என்று உச்சத்தில் கத்தினேன். மரக்கறி லொறிக்காரர்தான் நிமிர்ந்து பார்த்தார்.

முதல் நாலு நாளும் அவள் போன் எடுத்தாள். "கறிவேப்பிலைக்குத் தண்ணி ஊத்தினனீங்களோ? பிறஷர் குளிசை போட்டனீங்களோ?" இதே கேள்விகள். அந்தச் சொல்லைப் பற்றி நான் வாயெடுக்கவில்லை. காதில் விழுந்திராது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். ஐந்தாம் நாள் பக்கத்துக் கட்டில் பெண் போனை எடுத்து, "அன்ரிக்கு ஒக்சிசன் வச்சிருக்கினம், கதைக்கேலாது" என்றாள். அதற்குப் பிறகு மூன்று நாள் நான் மனிதனாக இருக்கவில்லை. மேல்மாடி அம்மா கதவுப் பிடியில் சோற்றுப் பார்சல் கொழுவிவிட்டுப் போவார். நான் குற்றஞ்சாட்டிய அதே அம்மா. வெட்கத்தோடு தின்றேன். அவள் போன வாசலைப் பார்த்துக்கொண்டு 'போட்டு வாரும், போட்டு வாரும்' என்று விசரன் மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தேன். எட்டாம் நாள் அதே பெண் கதைத்து, ஒக்சிசன் கழட்டியாச்சு, எப்ப வீட்டுக்கு விடுவினமெண்டு தெரியாது என்றாள்.

பதினேழாம் நாள் மத்தியானம் பெல் அடித்தது. கதவைத் திறந்தால் அவள். பாதியாய் இளைத்திருந்தாள். பையின் சிப் போன இடத்தை யாரோ பன்டேஜ் துணியால் கட்டிவிட்டிருந்தார்கள்.

"உள்ளுக்கு வாருமன்."

"மாட்டன்."

"ஏன்?"

"போகேக்க என்னை என்ன சொல்லி அனுப்பினனீங்கள்?"

நான் பையை வாங்கக் கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

"ஒக்சிசன் வைக்கேக்கயும் அதுதான் காதுக்குள்ள நிண்டது. இந்த மனிசனிட்ட ஒழுங்கான சொல்லு வாங்காமல் விடுறேல்லை எண்டுதான் எழும்பி வந்தனான். சொல்லுங்கோ."

அவள் வாசற்படிக்கு வெளியே, நான் உள்ளே. அழுதுகொண்டே, "போட்டு வாரும்" என்றேன்.

"வந்திட்டன்" என்று சொல்லி உள்ளே கால் வைத்தாள்.