ஓய்ந்துவிட்டாள்

காலை பத்தேகாலுக்கு என் மகள் அலறினாள். மணி இவ்வளவு சரியாக நினைவிருக்கக் காரணம், பத்தரைக்கு அவளுக்கு ராகிக் கஞ்சி கொடுக்க வேண்டும். அடுப்பில் கஞ்சியைக் கிண்டிக்கொண்டே சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தேன். அப்போதுதான் ஹாலிலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

ஒன்பது மாதக் குழந்தை அழுவதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்பார்கள். அன்றும் கேட்டார்கள். ஆனால் அதுவரை அவள் அழுத எந்த அழுகையும் அப்படி இருந்ததில்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். பாயில் மல்லாந்து கிடந்தாள். இரண்டு முழங்கால்களும் வயிற்றோடு ஒட்டியிருந்தன. கை விரல்கள் இறுக மூடியிருந்தன. அழும்போது சிவந்துபோகும் முகம், அன்று வெளுத்திருந்தது. தூக்கியதும் இன்னும் உரக்க அலறி, என் நெஞ்சில் காலை ஊன்றித் தள்ளினாள். பிறகு சட்டென்று நின்றுவிட்டது. எப்போதும் போல விக்கி விக்கி மெல்ல அடங்கவில்லை. குழாயை மூடியது போல நின்றது.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பல வருடம் கழித்து, இனி இல்லை என்று இருவரும் வாய்விட்டுச் சொல்லாமலே ஒத்துக்கொண்ட பிறகு பிறந்தவள். எனக்கு வயது நாற்பத்தேழு. மொரப்பூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறோம். மனைவிக்குச் சேலத்தில் வேலை; காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்புவாள். நான் மாலையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். பகலில் வீட்டில்தான் இருப்பேன் என்பதால், மனைவியின் ஆறு மாதப் பிரசவ விடுப்பு முடிந்ததும் குழந்தை என் பொறுப்புக்கு வந்தாள்.

ஆரம்பத்தில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அழுதால் பால் கொடுத்தேன், மறுபடி அழுதால் மறுபடி பாலையே நீட்டினேன். அவள் பாட்டிலைத் தட்டிவிட்டால் எனக்கு வியர்த்துவிடும். மெல்ல மெல்லத்தான் கவனித்தேன். பசி வந்தால், அழுவதற்கு வெகுநேரம் முன்பே முஷ்டியை வாயில் திணித்துக்கொள்வாள். தூக்கம் வந்தால் மணிக்கட்டால் காதைத் தேய்ப்பாள். ஒன்று பிடித்துவிட்டால் கால் விரல்கள் விசிறி மாதிரி விரியும். போதும் என்றால் அழமாட்டாள். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். காக்காயைப் பார்க்கிறாள் என்று நினைத்து நானும் காக்காயைக் காட்டி, காக்காய் மாதிரியே கத்தி, கதையெல்லாம் சொல்லி அவளை அழவைத்திருக்கிறேன். அவளுக்கு வேண்டியிருந்தது கொஞ்ச நேரம் யாரும் பேசாமல் இருப்பது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் தானாகவே திரும்பி என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்குவாள். சரி, இப்போது நீ பேசலாம் என்று அதற்கு அர்த்தம்.

அடுத்த வீட்டில் இருக்கும் என் அக்காவுக்கு இதெல்லாம் வேடிக்கை. காம்பவுண்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே கேட்பாள்: "என்னடா வாத்தியாரே, உம் பொண்ணு இன்னிக்கு உனக்கு என்ன பாடம் நடத்துனா?" அவள் கேலி செய்வதில் தப்பில்லை. விக்கல் நிற்கவில்லை என்று டாக்டரிடம் ஓடியவன் நான். தும்மலுக்குப் போயிருக்கிறேன். தலையில் கை வைத்துப் பார்த்துச் சூடு என்று போய், வெயிலில் தூக்கிக்கொண்டு வந்ததால் வந்த சூடு என்று திரும்பியிருக்கிறேன். மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால், "பாப்பாவுக்கு இந்த வாரம் என்னங்க சார்?" என்று சிரிக்காமல் கேட்கிறவர்கள் உண்டு. ஆகவே அன்று காலை நான் பயந்தது யாருக்கும் புதிதாக இல்லை.

இரண்டாவது முறை அலறியபோது அக்கா வந்துவிட்டாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே, "எங்க, காட்டு" என்று வாங்கினாள். குழந்தை முதுகை வளைத்துத் திமிறியது. காலையில் குடித்த பாலை அக்காவின் தோளிலேயே வாந்தி எடுத்தது.

"அழுதழுது கக்குது. தூக்குனா எப்புடி கத்துறா பாரு. உரம் வுழுந்துருக்குடா. நீ ஒரு கையப் புடிச்சுத் தூக்கியிருப்ப."

"தூக்காதப்பவே அழுதாக்கா. பாயில சும்மா கெடந்தவ."

"மூணு பெத்து வளத்தவ நான். நீ ஒண்ணே ஒண்ணு பெத்துட்டு எனக்குச் சொல்ல வந்துட்டியா?"

குழந்தைக்குக் கழுத்திலோ முதுகிலோ பிசகிக்கொள்வதை எங்கள் பக்கம் உரம் என்பார்கள். பழைய நூல் புடவையில் குழந்தையைப் படுக்க வைத்து, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு, இப்படியும் அப்படியும் உருட்டுவார்கள். நான் அதைப் பழிக்கமாட்டேன். என்னையும் உருட்டியிருக்கிறார்கள். அக்காவின் பிள்ளைகள் அதில் சிரித்துக்கொண்டே உருண்டதை நானே பார்த்திருக்கிறேன். அன்று அக்கா எதிர்வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டாள். புடவை வந்தது. "என் ஆத்தால்ல, வாடி தங்கம்" என்று கொஞ்சி, குழந்தையை நடுவில் கிடத்தினாள். அலறிக்கொண்டிருந்தவள் அந்த நொடியே அடங்கிவிட்டாள்.

அக்கா முகத்தில் அப்படி ஒரு வெற்றி. "பாத்தியா! இன்னும் உருட்டவே இல்ல, புடவையில போட்டதுமே ஓஞ்சுட்டா."

எதிர்வீட்டுப் பெண் சிரித்தாள். எனக்கும் சிரிக்க ஆசையாக இருந்தது. ஆனால் அந்தச் சொல் காதிலேயே நின்றது. ஓய்வது என்பதை நாங்கள் மழைக்கும் சொல்வோம், மாட்டுக்கும் சொல்வோம். மழை ஓய்ந்தால் வெளியே போகலாம். ஏர் இழுக்கிற மாடு ஓய்ந்துவிட்டது என்றால், அது கால் மடங்கி உட்கார்ந்துவிட்டது, இனி எழுப்ப முடியாது என்று அர்த்தம். இவள் எப்படி ஓய்ந்திருக்கிறாள்?

புடவைக்குப் பக்கத்தில் மண்டி போட்டுக் குனிந்தேன். என் முகம் அவள் முகத்துக்கு நேராக, கண்ணாடி அவள் கைக்கு எட்டும் தூரத்தில். வேண்டுமென்றே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். அவள் கை எழவில்லை. கண் திறந்துதான் இருந்தது; என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்தது. கால் விரல்களைத் தொட்டேன். விரியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, 'போதும், விடு' என்றாவது சொல்லக் கூடாதா என்று இருந்தது. அவள் ஒன்றுமே சொல்லவில்லை. அந்த மூன்று மாதத்தில் அவள் என்னிடம் எதையும் சொல்லாமல் இருந்த முதல் நேரம் அதுதான்.

"உருட்ட வேணாம்" என்றேன்.

"ஏன்?"

"கண்ணாடியப் புடுங்கல."

அக்கா எதிர்வீட்டுப் பெண்ணைப் பார்த்தாள். "கேட்டுக்கடி. கண்ணாடியப் புடுங்கலன்னு ஆஸ்பத்திரிக்குப் போறவன இந்த ஜில்லாவுலயே இன்னிக்குத்தான் பாக்குறேன்." பிறகு என்னிடம், குரலை இறக்கி, "டேய், எல்லாரும் சிரிக்கிறாங்கடா. ரெண்டு உருட்டு உருட்டிட்டா சரியாப் போயிரும். அதுக்கப்புறம் நீ எங்க வேணா போ."

புடவையின் முனையை அவள் கையிலிருந்து பிடுங்கினேன். அக்காவிடம் அப்படி நடந்துகொண்டது வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. அவள் தன் வெறுங்கையைப் பார்த்தாள். நான் குழந்தையை அள்ளிக்கொண்டு வாடகைக் காருக்குப் போன் செய்தேன். வாசலில் நிற்கும்போது பின்னாலிருந்து அவள் குரல் வந்தது: "போ. தூங்கப் போற பிள்ளைய ஊசி போட்டு அழவெச்சுக் கூட்டியா."

காரில் மனைவிக்குப் போன் செய்தேன். நான் சொல்வதைக் கேட்டுவிட்டு, "போன அவகிட்ட வையுங்க" என்றாள். குழந்தையின் வாயருகே வைத்தேன். அம்மா குரலுக்கு எப்போதும் ஒரு சத்தம் கொடுப்பாள். போனுக்குள்ளிருந்து மனைவி அழைத்துக்கொண்டே இருந்தாள், செல்லப் பெயர்கள் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி. பிறகு என்னிடம், "என்னங்க, வெறும் மூச்சுதான் கேக்குது. நீங்க தர்மபுரிக்கே போயிருங்க. நான் பஸ்ஸப் புடிச்சு நேரா அங்க வந்துர்றேன்" என்றாள். உங்களுக்கு எப்போதும் பயம்தான் என்று அவள் சொல்லவில்லை. அதற்கு நான் இன்றும் நன்றியுடன் இருக்கிறேன்.

வழி நெடுக மகளைப் பார்த்துக்கொண்டே போனேன். ரயில்வே ஸ்டேஷன் அருகே ஒரு அலறல். மாந்தோப்புகள் வரும் வரை மௌனம். அங்கே மறுபடி முழங்கால் வயிற்றுக்கு ஏறியது, அலறினாள், வெளுத்தாள், அடங்கினாள். ஒவ்வொரு முறையும் அலறல் கொஞ்சம் சின்னதாகவும் மௌனம் கொஞ்சம் ஆழமாகவும் ஆனது. டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "இப்ப பரவால்லீங்களா சார்? அழுவுறது கொறஞ்சுருச்சே" என்றார். வேகமாகப் போங்க என்று மட்டும் சொன்னேன். அழுகை குறையக் குறைய எனக்கு உறுதி கூடிக்கொண்டே போனது. அவள் வலியைச் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போகிறாள். இனி அவளுக்காக நான்தான் சொல்ல வேண்டும். யார் சிரித்தாலும் சரி, திருப்பி அனுப்பினாலும் சரி, அந்த இடத்தை விட்டு நகர்வதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவில் இருந்த டாக்டர் இளம்பெண். கூட்டம் அதிகம். எங்கள் முறை வந்தபோது மகள் மௌனத்தில் இருந்தாள். டாக்டர் காய்ச்சல் பார்த்தார், காதைப் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார். "காய்ச்சல் இல்ல. இப்ப அமைதியாத்தானே இருக்கா சார்? வாயுத் தொல்லையா இருக்கும்."

"அமைதி இல்லைங்க மேடம். ஓஞ்சுட்டா."

அவர் எழுதுவதை நிறுத்தினார். பேச்சை வைத்துப் பார்த்தால் அவரும் எங்கள் பக்கத்துக்காரர்தான். "எப்புடிச் சொல்றீங்க?"

சொன்னேன். முழங்கால், வெளுத்த முகம், நடுவில் வரும் மௌனம், விரியாத கால் விரல்கள், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்காததையும் சொன்னேன். பின்னால் யாரோ சலித்துக்கொண்டார்கள். டாக்டர் சலித்துக்கொள்ளவில்லை. "இங்கயே ஓரமா உக்காருங்க. அடுத்த தடவை வரட்டும், நானும் பாக்குறேன்" என்றார்.

வந்தது. அவர் எழுந்து வந்து, வயிற்றில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு தேடினார். வலது பக்கம் ஓரிடத்தில் விரல்கள் நின்றன. டயப்பரைப் பிரித்தார். உள்ளே சிவப்பாக, ஜெல்லி போல. அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசியதைவிடப் போனில் பேசியதே அதிகம்.

ஸ்கேன் எடுத்தார்கள். அறுவை சிகிச்சை நிபுணர் வந்து தன் சட்டைக் கையை உள்பக்கமாக மடித்துக் காட்டினார். "குடல் இந்த மாதிரி தனக்குள்ளயே சொருகிக்கிச்சு. நேரமாக ஆக ரத்த ஓட்டம் நின்னுடும். மொதல்ல பின்பக்கமாத் தண்ணி ஏத்தித் தள்ளிப் பாப்போம். கேக்கலைன்னா ஆபரேஷன்."

"உருட்டியிருந்தா என்ன ஆயிருக்கும் டாக்டர்?"

"உருட்டலைல்ல? அப்ப அத எதுக்குக் கேக்குறீங்க?"

மகளை உள்ளே கொண்டுபோகும்போது மனைவி பஸ்ஸிலிருந்து ஓடிவந்து சேர்ந்தாள். இருவரும் கதவுக்கு வெளியே நின்றோம். அவள் ஜெபமாலையை எடுத்தாள், உதடு மட்டும் அசைந்தது. நான் ஜெபிக்கவில்லை, காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. வெகுநேரம் கழித்து ஓர் அழுகை கேட்டது. கோபமான, விக்கி விக்கி அடங்காத, எல்லாரையும் திட்டுகிற அழுகை. மனைவி என் கையைப் பிடித்தாள். டாக்டர் வெளியே வரும் முன்பே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. கத்தி வைக்கத் தேவைப்படவில்லை. மறுபடி சொருகிக்கொள்ளலாம் என்பதால் ஒரு நாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள்.

இது நடந்து சில மாதம் ஆகிறது. இப்போது சுவரைப் பிடித்து நடக்கிறாள். ஆனால் அவள் சட்டென்று மௌனமானால் இன்றும் மண்டி போட்டு, கண்ணாடியை அவள் கைக்கு எட்டும்படி நீட்டுகிறேன். கொஞ்சம் அதிகமாகப் பயப்படுகிறேன் என்று மனைவியே சொல்கிறாள். இருக்கட்டும். மகள் பேசக் கற்றுக்கொள்ளும் வரை, ஏன் அதற்குப் பிறகும்கூட, அவளைக் கவனிப்பதை நான் விடப்போவதில்லை. தப்பாகப் புரிந்துகொண்டு நூறு முறை ஓடினாலும் ஓடுவேன். அவள் சொல்வதில் பாதிக்கு மேல் எனக்கு இன்னும் விளங்குவதில்லை. விளங்காது என்று தெரிந்தே உற்றுப் பார்க்கிறேன்.

அன்று ஆஸ்பத்திரியில் தங்கிய மறுநாள் காலை, மனைவி மருந்து வாங்கப் போயிருந்தாள். முதல் பஸ்ஸில் வந்திருப்பாள் போலிருக்கிறது, அக்கா வார்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தலையைக்கூட ஒழுங்காக வாரவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே வந்து, பையைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு, கால்மாட்டில் நின்றாள். மகள் விழித்துக்கொண்டுதான் இருந்தாள். டிரிப் போட்ட கையில் அட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள். அத்தையை உற்றுப் பார்த்தாள். அக்காவின் இரண்டு கைகளும் வழக்கம்போல முன்னால் நீண்டன. பாதியில் நின்றன. இழுத்துப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

குழந்தையின் மேலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "தூக்கலாமான்னு அவளையே கேட்டுச் சொல்லுடா."