மாலை போட்ட மெஷின்

இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்களில் ராயபுரத்தில் ஒரு ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடையில் வேலை பார்த்தேன். பழைய ஃபிரிட்ஜ் வந்தால் முதல் வேலை, உள்ளே மிச்சமிருக்கும் கேஸைத் தெருவில் திறந்துவிடுவது. நிறம் கிடையாது, யாருக்கும் இருமல்கூட வராது. எண்ணூர் ஆலைப் புகையையே மூச்சாக இழுத்துப் பழகிய பக்கத்தில் இதையெல்லாம் யார் கேட்பார்கள்?

மெக்கானிக்குகளுக்கான ஒரு பயிற்சியில்தான் விஷயம் தெரிந்தது. அந்த கேஸ் மெதுவாக மேலே போய், சூரியனின் புற ஊதாக் கதிர்களை வடிகட்டும் ஓசோன் படலத்தை அரிக்குமாம். படலம் மெலிந்தால் தோலில் புற்றுநோய் வரலாம், கண்ணில் புரை விழலாம் என்றார்கள். பக்கத்திலிருந்தவன் கொட்டாவி விட்டான். எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. என் நைனா முகத்துவாரக்குப்பத்தில் மீன் பிடிப்பவர். விடிந்தால் படகு, பகலெல்லாம் உச்சி வெயில். ஒரு கண்ணில் ஏற்கெனவே புரை. இன்னொரு கண்ணை வைத்துத்தான் எங்கள் வீட்டுப் பிழைப்பு.

கேஸை வெளியே விடாமல் உறிஞ்சி சிலிண்டரில் அடைக்கும் மெஷின் ஒன்றையும் கடைக்குக் கொடுத்தனுப்பினார்கள். முதலாளி அதை மூலையில் தள்ளினார்.

"இன்னா மாமு, வானத்துக்கு பஞ்சர் ஒட்டப் போறியா? இத்த மாட்டிகினு குந்தினா நாளைக்கு ஒரு ஃபிரிட்ஜ்கூட தேறாது."

நச்சரித்து நச்சரித்து, ஐஸ்கிரீம் கடையிலிருந்து வந்த பெரிய ஃப்ரீசருக்கு மட்டும் மெஷினைப் போடச் சம்மதம் வாங்கினேன். அன்று நேரமாகிவிட்டதால், ஃப்ரீசரில் குழாயை மட்டும் மாட்டித் திருகை மூடிவைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் ஆயுத பூஜை. நைனாவையும் கூட்டிக்கொண்டு போனேன். மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. கற்பூரம் காட்டி முடித்ததும் முதலாளி ஃப்ரீசர் பக்கம் போய்க் குழாய் முனையைச் சோடா பாட்டில்கள்மேல் பிடித்துத் திருகைத் திறந்தார். உஸ்ஸென்று கேஸ் சீறியது. அந்தக் குளிரில் பாட்டில்கள்மேல் வெள்ளையாக உறைபனி பூத்தது.

"அண்ணே, மெஷின்ல பிடிக்கலாம்னு சொன்னீங்களே!" என்று கத்தினேன்.

"பூஜ போட்ட சாமான இன்னிக்குத் தொடலாமா? நான் வெறுங்கையாலதான தொறந்தேன். வந்தவங்களுக்கு ஜில்லுனு குடுக்க வேணாமா?"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். சாமிக்குப் பயப்படுகிறவன் வானத்துக்குப் பயப்படமாட்டான். சீ, இதெல்லாம் ஒரு பக்தியா என்று எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

முதலாளி முதல் பாட்டிலை நைனாவிடம் நீட்டினார். நைனா அதை நல்ல கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒரே மூச்சில் குடித்தார்.

"வெயில்ல வெந்துகினு கெடக்கற ஒடம்புக்கு இதாண்டா மருந்து" என்றார்.