செய்மதி திசை தப்பிய காலை

நமுனுகுலையில் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பால்குடம் எடுக்கிற காலை அது. மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு வரிசையில் நின்றிருந்தேன். இடுப்பில் செருகியிருந்த போன் அலறியது. சாதாரண அழைப்புக்கு அந்தச் சத்தம் வராது. வானத்தில் எங்கோ ஒரு காமா கதிர் வெடிப்பு நடந்திருக்கிறது, செய்மதி அதைப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அம்மன் மன்னிப்பாள் என்று குடத்தை மதினியின் கையில் கொடுத்துவிட்டு ஓடினேன். தோட்டத்தில் சிக்னல் கிடைப்பது கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் பக்கத்தில் மட்டும்தான்.

1. பகல் ஷிஃப்ட்

"பதுளைப் பக்கம் எந்நேரமும் மூட்டம்தானே, அங்கிருந்து எப்படி வானத்தைப் பார்க்கிறீர்கள்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். நான் பார்ப்பதில்லை. காமா கதிர் நம் காற்றைத் தாண்டித் தரைக்கு வராது. பார்ப்பது மேலே சுற்றுகிற செய்மதியிலுள்ள விண்வெளித் தொலைநோக்கி. அது சொல்வது நிஜம்தானா என்று தரையில் ஒருவர் உடனே சரிபார்க்க வேண்டும். எங்கள் குழுவில் பல நாட்டுக்காரர்கள். அவர்கள் தூங்கும் நேரம் நமக்குப் பகல் என்பதால், பதுளையில் பௌதிகம் படிப்பித்துக்கொண்டிருந்த எனக்குப் பகல் ஷிஃப்ட் வாய்த்தது.

வெடிப்பு சில விநாடிகளில் முடிந்துவிடும். அதன் பின்னொளி கொஞ்ச நேரம் மினுங்கி மங்கும். அதற்குள் தரையிலுள்ள பெரிய தொலைநோக்கி ஒன்றைத் திருப்பினால்தான் வெடிப்பு எவ்வளவு தூரத்தில் நடந்தது என்று தெரியும். பெரிய தொலைநோக்கிக்காரர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. நடக்கிற வேலையை நிறுத்திவிட்டு நம் பக்கம் திருப்ப, ஓர் அவதானிப்புப் பருவத்துக்குச் சில அவசரக் கோரிக்கைகளைத்தான் அனுமதிப்பார்கள்.

அந்தப் பருவத்தில் எங்களிடம் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. அது சிவகாந்தனுக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தோம். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, என்னோடு வேலை செய்கிற இளம் விரிவுரையாளர். அவருடைய கலாநிதிப் பட்ட ஆய்வுக்கு, தூரம் தெரிந்த வெடிப்பு இன்னும் ஒன்று தேவைப்பட்டது. அது கிடைக்காவிட்டால் ஆய்வு நின்றுபோகும், வேலையும் நிரந்தரமாகாது.

2. மடுவத்துப் பக்கம்

"அக்கா, கண்டனீங்களோ?" சிவகாந்தனின் குரல் துள்ளியது. அவர் பதுளையில் கணினி முன்னால் இருந்தார். "நல்ல பிரகாசமானது. உந்த இடத்தில முந்தி ஒண்டுமே இருக்கேல்லை எண்டு, தெரிஞ்ச விண்பொருளெல்லாம் பதிஞ்ச கட்டலொக் சொல்லுது. கோரிக்கையை அனுப்பட்டோ?"

என் சம்மதம் இல்லாமல் அனுப்ப முடியாது. அனுப்பு என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் போனில் தெரிந்த ஒளி வளைவு, வெளிச்சம் ஏறி இறங்குவதைக் காட்டுகிற கோடு, எனக்கு வினோதமாகப் பட்டது. வெடிப்பு என்றால் குபீரென்று ஏறி, இறங்க வேண்டும். இது ஏறியது. ஏறிய இடத்தில் சும்மா நின்றது, திறந்துவிட்ட பைப் மாதிரி.

"பொறுங்க தம்பி. ஏன் எறங்க மாட்டேங்குது?"

"சிலது நீளமா நிக்குந்தானே அக்கா."

"நிக்கும். அதே செய்மதியில இருக்கிற எக்ஸ்ரே தொலைநோக்கி அந்தப் பக்கம் திரும்பிருச்சே, அதுல என்ன தெரியுது?"

"ஒண்டும் தெரியேல்லை. மங்கலா இருக்கும்போல."

இவ்வளவு பிரகாசமான வெடிப்புக்கு எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போவதா? எனக்கு உள்ளுக்குள் குறுகுறுவென்றது. இந்த வேலையில் என்னைக் கட்டிப்போட்டதே அந்தக் குறுகுறுப்புதான்.

"ஸ்டார் டிராக்கர் என்ன சொல்லுதுன்னு பாருங்க," என்றேன். தெரிந்த நட்சத்திரங்களைப் பார்த்து, தான் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறோம் என்று செய்மதி அறிந்துகொள்கிற சின்னக் கேமரா அது.

"அந்தத் தரவு இன்னும் இறங்கேல்லை. அதுக்குக் காத்திருந்தா எல்லாம் மங்கிப் போயிடும்." அவர் குரல் இறுகியது. "உங்களுக்குப் பரவாயில்லை அக்கா. உங்களுக்கு வேலை இருக்கு. எனக்கெல்லோ போகுது."

சுருக்கென்றது. அவர் சொன்னது பொய்யுமில்லை. நிஜ வெடிப்பாக இருந்தால் அவர் வாழ்க்கையை நான் மடுவத்துப் பக்கம் நின்றுகொண்டு கெடுக்கிறேன். பொய்யாக இருந்தால் கடைசிக் கோரிக்கை வீணாகும். "தரவு வரட்டும்" என்று மட்டும் சொன்னேன். மேளச் சத்தம் கோயில் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது.

ஒருவழியாகத் தரவு இறங்கியது. "அக்கா..." என்றார். "ஸ்டார் டிராக்கர் நட்சத்திரங்களைத் தவறவிட்டுப்போட்டுது. செய்மதிக்குத் தான் எங்க பாக்கிறன் எண்டே தெரியேல்லை."

பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தோம். செய்மதி பிடித்தது விருச்சிக நட்சத்திரக் கூட்டத்தில் காலங்காலமாக எக்ஸ்ரேயில் எரிகிற ஒரு பழைய விண்பொருளை. திசை தப்பிய செய்மதி அதை வேறு இடத்தில் குறித்து, புதுசு என்று கூவிவிட்டது. அதன் எக்ஸ்ரே தொலைநோக்கி வெறும் வானத்தைப் பார்த்து நின்றிருக்கிறது. இதுமாதிரி ஏமாற்றம் எங்கள் தொழிலுக்கு மட்டுமே உரியது.

பால்குடத்தைச் செலுத்திவிட்டு என்னைத் தேடி வந்த மதினிக்கு விஷயத்தைச் சொன்னேன். அவர் லுணுகலையிலிருந்து மருமகளாக வந்தவர். விழுந்து விழுந்து சிரித்தார்.

"நான் வந்த புதுசுல பனிமூட்டத்துல தடம் மாறி, நம்ம லயத்துக்கே பின்பக்கமா வந்துட்டேன். இது யாரு வீடுங்கன்னு ஒங்க அண்ணங்கிட்டயே கேட்டேன். அவரு இன்னைக்கும் சொல்லிக் காட்டுறாரு."

அதைச் சிவகாந்தனிடம் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "வைக்கிறன் அக்கா," என்று துண்டித்துவிட்டார்.

3. மிச்சமிருந்த ஒன்று

அதற்குப் பிறகு எங்களுக்குள் கொஞ்சநாள் பேச்சு அளவோடுதான் இருந்தது. பருவம் முடிந்துகொண்டிருந்தது, வெடிப்பு ஒன்றும் வாய்க்கவில்லை.

ஒரு மத்தியானம் விரிவுரை மண்டபத்திலிருந்து வெளியே வந்தபோது போன் அலறியது. கூடவே சிவகாந்தனின் அழைப்பும்.

"அக்கா, வந்திட்டுது. வளைவு இறங்குது. எக்ஸ்ரேயில பின்னொளி தெரியுது. டிராக்கரையும் பாத்திட்டன், நட்சத்திரங்களைப் பிடிச்சபடிதான் நிக்குது. அனுப்பட்டோ?"

"அனுப்புங்க தம்பி, அனுப்புங்க!" நடைபாதை என்றும் பாராமல் கத்திவிட்டேன்.

மறுநாள் பெரிய தொலைநோக்கியிலிருந்து நிறமாலை வந்தது, அதிலிருந்து தூரமும் தெரிந்தது. பட்டம், வேலை என்று பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

"அக்கா, இந்த வெளிச்சம் அங்கயிருந்து வெளிக்கிடேக்க எங்கட சூரியனே பிறக்கேல்லை, என்ன?"

"ஆமா தம்பி. பொறக்கல."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அவசரப்படுங்கள், வெளிச்சம் நமக்காகக் காத்திருக்காது. ஆனால் புதுசு என்று கூவுவதற்கு முன்னால், கருவி எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று கேளுங்கள். கேட்டதற்காக வேண்டியவர்கள் கோபித்தால் கோபிக்கட்டும். கோபம் ஒருநாள் ஆறும். வீணாக அனுப்பிய கோரிக்கை திரும்பி வராது.