பத்துக் கல் பாஞ்சாலை

பாஞ்சாலைக்கு மூக்கின் மேல் கோபம் என்று அவளோடு வேலை பார்த்த சித்தாள்கள் எல்லாரும் சொல்வார்கள். வராமல் என்ன செய்யும்? விவரம் தெரிந்த நாளிலிருந்து தலையில் கல் சுமந்தவள். தேசூர்ப் பக்கம் பிறந்து, கொத்தனார் காத்தவராயனைக் கட்டிக்கொண்டு ஆரணிக்கு வந்தாள். அவன் சுவர் கட்டுவான். இவள் செங்கல்லும் கலவையும் சுமந்து ஏறிப்போய்க் கொடுப்பாள். பட்டுக்காரர்கள் தெருவில் பாதி வீடு அவள் கழுத்து வழியாக ஏறினதுதான்.

அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. மறைப்புக்குள் நின்று குளிக்க வேண்டும். அவர்கள் குடியிருந்த காலனியில் பெண்கள் குளிப்பதென்றால் விடியுமுன் ஏரிக்கரை, இல்லாவிட்டால் காற்றுக்குப் பறக்கும் நாலு கீற்று. பாஞ்சாலை ஒவ்வொரு வேலை முடியும்போதும் வீட்டுக்காரரிடம் வாய்விட்டுக் கேட்டு, மிச்சக் கல்லை வாங்கி வந்து சேர்த்தாள். வருஷக்கணக்காகச் சேர்த்துக் குடிசைக்குப் பின்னால் கழுத்து உயரத்துக்குச் சுவர் எழுப்பினாள். கலவை வெறும் சேறுதான், பூச்சும் மண்தான். இருக்கட்டுமே! உள்ளே நின்று தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும்போது அவளுக்கு யாரும் ஈடில்லை.

எழுபத்தாறில் பட்டு வியாபாரி சம்பந்தம் மாடி வீடு ஆரம்பித்தார். எத்தனை கல் வேண்டும் என்று காத்தவராயன் வாய்க்கணக்காகவே சொல்லிவிட்டான். செங்கல் என்றால் ஒன்பது அங்குலம். அது அவன் கைக்குத் தெரியும். அதைப் போய் யார் கோல் வைத்து அளப்பார்கள்? கண்ணமங்கலம் ரோட்டுச் சூளையிலிருந்து லாரியில் கல் வந்து இறங்கியது. கைக்குக் கொஞ்சம் சின்னதாகப் பட்டதைச் சூளைக்குச் சூளை அப்படித்தான் என்று அவனும் அளக்காமல் விட்டான், வேறு யாரும் அளக்கவில்லை.

முதல் நாளே பாஞ்சாலைக்கு ஆச்சரியம். எப்போதும் எட்டுக் கல்தான் சுமப்பாள். அன்று பத்து அடுக்கியும் கழுத்து நோகவில்லை. ஆடியில் ஆத்தாளுக்குக் கூழ் ஊற்றின பலன் என்று நம்பிவிட்டாள், பாவி.

"இன்னாடி இது, பத்து கல்லு வெச்சிகினு சிட்டாட்டம் ஏறுற?" என்று கூடவே கல் சுமந்த சின்னம்மாள் வாயைப் பிளந்தாள்.

"ஆத்தா குடுத்த பெலம்டி. ஒன்னால ஆவுமா?"

தெருவில் 'பத்துக் கல் பாஞ்சாலை' என்றே பேர் வந்துவிட்டது. அதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறித்தான் இருந்தது.

சுவர் முடிய இன்னும் முழ உயரம் இருந்தது. கல் தீர்ந்துபோயிற்று. சம்பந்தம் காத்தவராயனைக் கேட்டார்; அவன் விழித்தான். சொன்ன கல் முழுசும் வந்திருக்கிறது, சுவர் மட்டும் குறைகிறது. அவர் பார்வை பாஞ்சாலை மேல் திரும்பியது.

"ஒரு நடைக்கு பத்து கல்லு தூக்கறவ, ஊட்டுக்கு வெறுந்தலையோடவா போயிருப்பா?"

அன்று சாயங்காலமே இரண்டு ஆட்களைக் கடப்பாரையோடு கூட்டிக்கொண்டு காலனிக்கு வந்துவிட்டார். "திருட்டுக் கல்ல மண்ணு பூசி மறச்சிருக்கா பாரு" என்றார். மறைப்புச் சுவரை இடித்துக் கல்லை வண்டியில் ஏற்றினார்கள். பாஞ்சாலை போட்ட கூச்சல் ஊருக்கே கேட்டது. காத்தவராயன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான், வேறொன்றும் செய்யவில்லை.

மறுநாள் அவள் தலைக்குக் குளிக்க வேண்டிய நாள். கட்டின புடவையோடு, போகிறவன் வருகிறவன் பார்க்கக் குளித்தாள். அழுகை வரவில்லை.

"இன்னிக்கு வேலைக்கு வரலன்னா, திருடினது மெய்தான்னு ஆயிடும்மே" என்று காத்தவராயன் கெஞ்சினான். போனாள்.

அங்கே கலவை போட்டுத் தயாராக இருந்தது. மிச்சச் சுவருக்கு இவள் வீட்டுக் கல்லையே வைக்கச் சொல்லிவிட்டார் சம்பந்தம். தன் கல்லைத் தானே தலையில் பத்து அடுக்கிக்கொண்டு எழுந்தாள் பாஞ்சாலை. முழங்கால் மடங்கியது. கழுத்தில் சுளீரென்று பிடித்தது.

"அய்ய, இன்னா கனம் கனக்குது!"

சுமையை இறக்கினாள். தன் கல் ஒன்றை எடுத்துச் சூளைக் கல்லின் மேல் வைத்துப் பார்த்தாள். சூளைக் கல் நீளத்தில் ஒரு அங்குலத்துக்கு மேல் குட்டை. அகலமும் குறைச்சல். ஆத்தாளும் பலம் கொடுக்கவில்லை, ஒரு மண்ணும் இல்லை! இதற்கா மார்தட்டினோம் என்று நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரம் இரட்டிப்பானது.

"மொதலாளி, இங்க வந்து பாருங்க!"

சம்பந்தம் வந்து பார்த்தார். திடுக்கிடவே இல்லை.

"ஆமா, அது சென்டிமீட்டர் கல்லு. கவர்மெண்டுல அளவ மாத்திட்டாங்கன்னு சூளைக்காரன் அப்பவே சொன்னான். வெல கொறைச்சலா இருந்துச்சி, எடுத்தேன். இத்தினி வித்தியாசம் வரும்னு யாரு கண்டாங்க?"

"சொன்னானா? தெரிஞ்சிகினா என்னத் திருடின்னீங்க?"

"இப்ப இன்னா ஆயிடுச்சி? அளவு மாறிப்போச்சி, அவ்ளோதான். ஒங்கல்ல நீ எடுத்துகினு போ. நாள பின்ன வேற கல்லு வரும். இருக்கற கலவைக்கு ஜல்தியா பூச்சு வேலையப் பாருங்க."

அவ்வளவுதானாம்! அளவு தானாகக் கால் முளைத்து நடந்து மாறிவிட்டதாம். மலிவு என்று வாங்கினவர் வாயை மூடிக்கொண்டார். கணக்கில் துண்டு விழுந்ததும், சுமந்தவள் திருடி. அவள் மானத்தை இடித்துத் தள்ளியதற்கு ஒரு வார்த்தை கிடையாது.

காத்தவராயன் சாரத்திலிருந்து இறங்கி வந்து கல்லைப் பொறுக்கக் குனிந்தான். பாஞ்சாலை அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"நீ கைய வெச்சா நான் மனுசியா இருக்கமாட்டேன்."

தலையிலிருந்த சும்மாட்டை எடுத்துச் சம்பந்தத்திடம் நீட்டினாள்.

"ஒடச்சி எடுத்துகினு வந்தது நீங்க. கொண்டாந்து வெக்கறதும் நீங்கதான்."

அவர் சிரித்தார். கூட யாரும் சிரிக்கவில்லை. சின்னம்மாள் கலவைச் சட்டியைக் கீழே வைத்தாள். அடுத்தவள் வைத்தாள். பின்னால் வந்தவர்களும் வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

"வேற ஆளக் கூட்டிகினு வரேன்!"

"கூட்டிகினு வாங்களேன்" என்றாள் பாஞ்சாலை. "அதுக்குள்ள கலவ இன்னா ஆவுதுன்னு பாப்போம்."

அது தாலுகா ஆபீசில் கால் கடுக்க நின்று வாங்கின பர்மிட் சிமெண்ட். இன்னொரு மூட்டைக்கு எத்தனை மாசம் ஆகுமோ. தண்ணீர் பட்ட சிமெண்ட் எந்த முதலாளிக்கும் காத்திருக்காது. வெயில் ஏற ஏறக் கலவையின் ஓரம் வெளுத்துக்கொண்டு வந்தது. சம்பந்தம் கத்தினார், அதட்டினார், காத்தவராயனைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். கடைசியில் சரிகை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கைக்கொரு கல்லை எடுத்துக்கொண்டு நடந்தார். சும்மாட்டை மட்டும் தொடவில்லை.

பாஞ்சாலை பின்னாலேயே போனாள். தறியை விட்டு எழுந்துவந்து வாசலில் நின்று ஜனம் பார்த்தது. காலனியில் சுவர் இருந்த இடத்தில் இரண்டு கல்லையும் வைத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு அவர் நிமிர்ந்தார்.

"போதுமா?"

"இன்னும் கெடக்குது" என்றாள் பாஞ்சாலை. "போயி எடுத்துகினு வாங்க. நான் குளிக்கணும்."