டச்சிங்காரர்

உளி சறுக்கினால் அவருடைய இடது கை முதலில் செய்வது ஒன்றுதான். உளியைக் கீழே போட்டுவிட்டு, மேசை விளிம்பின் ஓரத்தில் சுண்டுவிரலையும் மோதிர விரலையும் சேர்த்து ஓர் அழுத்து அழுத்தும். அழுத்திவிட்டு மரத்தையே பார்ப்பார். வெட்டு விழுந்தது விழுந்தபடி இருக்கும். "அட, இது வேற உலகம்" என்று முனகிக்கொண்டே உளியைத் திரும்ப எடுப்பார். கொஞ்ச நேரத்தில் மறுபடி சறுக்கும். மறுபடி அந்த இரண்டு விரல்களும் மேசை ஓரத்துக்குப் போகும்.

"கம்ப்யூட்டர்ல தப்பு பண்ணிட்டா இந்த ரெண்டு பட்டன்தாம்மா. தட்டினா, பண்ண தப்பு பண்ணாததா ஆயிடும்" என்று எனக்கு விளக்கினார். "பாதி ஆயுசு இதைத் தட்டியே போச்சு. இது மரம்னு மூளைக்குத் தெரியுது. விரலுக்குத் தெரியலை."

போட்டோ ஸ்டுடியோவில் அவருக்கு டச்சிங் வேலை. ஒருவர் எடுத்த படத்தில் இருக்கும் இன்னொருவர் முகத்தைத் துடைத்துத் தருவது. பரு, தழும்பு, கருவளையம், கழுத்து மடிப்பு எல்லாம் அவர் மவுஸுக்கு முன்னால் நிற்காது. குடும்பப் படத்தில் ஒருவர் கண்ணை மூடியிருந்தால், அதே ஆளின் வேறு படத்திலிருந்து கண்ணை எடுத்து வந்து ஒட்டுவார். படத்துக்காகக் கண்ணாடியைக் கழற்றுகிறவர்களின் மூக்கில் இரண்டு பக்கமும் அச்சு பதிந்திருக்கும் அல்லவா, அதை அழிப்பதில் மகா கெட்டிக்காரராம். "படம் திறந்ததும் கை முதல்ல மூக்குக்குத்தான் போகும்" என்பார். தெருவில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ என்று நடந்துகொண்டே இருப்பார். டச்சிங்காரரே என்றால் சட்டென்று நிற்பார்.

எதிரே உட்கார்ந்து பேசும்போது அவர் பார்வை நம் கண்ணில் நிற்காது. கன்னத்தில் ஊரும், தாடையில் இறங்கும், ஏதோ ஓரிடத்தில் போய் உட்காரும். முதல் நாள் எனக்குக் கூச்சமாகிவிட்டது. "தப்பா நினைக்காதீங்கம்மா. இடது கண்ணுக்குக் கீழ கொஞ்சம் கருப்பு இருக்கு. அஞ்சு நிமிஷ வேலை" என்றார். ஆறுதல் சொல்கிறாராம்!

ஏஐ வந்த பிறகு அந்த ஐந்து நிமிஷ வேலையை ஒரு பட்டன் கண்ணிமைக்கும் நேரத்தில் செய்தது. முதலாளி ஈவிரக்கம் உள்ளவர், உடனே வீட்டுக்கு அனுப்பவில்லை. பட்டனைத் தட்டுவதற்கு அவரையே வைத்துக்கொண்டார். அதைத்தான் இவரால் தாங்க முடியவில்லை. "அது தப்பா பண்ணுச்சுன்னா சண்டை போடலாம்மா. நல்லா பண்ணுது. என்னைவிட நல்லா பண்ணுது. பக்கத்துல உக்காந்து வேடிக்கை பாக்கணும், அவ்வளவுதான்." ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியவர் மறுநாள் போகவில்லை. இதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபமே இல்லை. எனக்குத்தான் பொத்துக்கொண்டு வந்தது.

அவரும் மனைவியும் மேல் மாடி, நான் அதற்கு நேர் கீழே. வீட்டிலிருந்தபடியே பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிறேன். நான் எழுத உட்காரும் நேரம் பார்த்து, தலைக்கு மேலே டொக், டொக் என்று ஆரம்பிக்கும். நிற்கும். இதோடு ஓய்ந்தது என்று நினைத்தால் மறுபடி டொக். ஒரு வாரம் பொறுத்துவிட்டு, சண்டைக்கென்றே கூந்தலை முடிந்துகொண்டு படியேறினேன்.

கதவைத் திறந்தது அவர் மனைவி. என் முகத்தைப் பார்க்காமல், முகத்தைச் சற்றுத் திருப்பி, என் காதுக்குப் பக்கத்தில் எதையோ பார்த்தார். என்ன திமிர் என்று நினைத்தேன். அப்படிப் பார்த்தால்தான் அவருக்குக் கொஞ்சமாவது தெரியும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

"கீழ் வீட்டம்மாதானே? சத்தத்துல தலை வலிக்குதா? உள்ள வாங்க. டீ குடிச்சிட்டுத் தெம்பா திட்டுங்க" என்றார்.

அதற்குப் பிறகு எங்கே திட்டுவது! அன்றிலிருந்து அவர் எனக்கு அக்கா.

பின்னறையில் வேலை நடக்கிறது. பழைய கம்ப்யூட்டர் மேசைதான் பட்டறை. திரை இருந்த இடத்தில் இரும்புப் பிடி ஒன்று திருகிப் பூட்டியிருக்கிறது, அதற்குள் தலையளவு மரக்கட்டை. கீபோர்டு வைக்கும் இழுப்புப் பலகையில் உளிகள் வரிசையாகப் படுத்திருக்கின்றன. பலகையை இழுத்து, கையால் துழாவி வேண்டிய உளியை எடுத்துக்கொண்டு, வலது கையில் மரச்சுத்தியலுடன் உட்கார்ந்துவிடுவார். செருப்பு மேலும் வேட்டி மடிப்பிலும் சீவல் சுருண்டு விழும். உளி பிடிக்கக் கற்றுத்தந்தது போனில் வரும் வீடியோக்கள். மரம் தந்தது தெருமுனையில் கதவு செய்யும் ஆசாரி. மரத்தைக் கொடுக்கும்போதே அவர், "சார், ரத்தம் வந்தா என் பேரைச் சொல்லிடாதீங்க" என்று கேட்டுக்கொண்டாராம்.

இந்த வயதில் இது எதற்கு என்று கேட்டேன். "இவ கேட்டா" என்று சமையலறைப் பக்கம் தலையை ஆட்டினார்.

அக்காவின் கண்ணில் நடுப்பார்வை போய்விட்டது. ஓரம் தெரிகிறது, நடுவில் புகை. வாசற்படி தெரியும், நாற்காலி தெரியும். எதை நேருக்கு நேர் பார்க்கிறாரோ அது மட்டும் தெரியாது. ஆகவே முதலில் தொலைந்தது முகங்கள். கண்ணாடிக்கு முன்னால் நின்றால் தோள் தெரிகிறது, காது தெரிகிறது, முகம் இருக்க வேண்டிய இடத்தில் புகை. மூக்குக்கண்ணாடியால் இனிப் பயனில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருந்தும் குளிக்கப் போகும்போது தவிர அதைக் கழற்றுவதில்லை. பேச்சுக்குப் பேச்சு நடுவில் ஒரு விரல் வைத்து மேலே தள்ளிவிட்டுக்கொள்வார். "சின்ன வயசுல மாட்டினது. இது இருந்தாத்தான் நான்" என்பார்.

ஒருநாள் காலையில் கணவரிடம் கேட்டிருக்கிறார்: "நான் இப்ப எப்படிங்க இருக்கேன்?"

"அப்படியேதான் இருக்கே."

"இதெல்லாம் ஒரு பதிலா?"

என்னிடம் அதைச் சொல்லிவிட்டு அக்கா கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டார். "ஓரமும் மெல்லப் போயிடும்னு டாக்டர் சொல்லிட்டார். போகட்டும். மத்தவங்க முகமெல்லாம் குரலைக் கேட்டா வந்துடுது. உங்க முகத்தைக்கூட நானா ஒண்ணு வச்சிருக்கேன். என் முகந்தான் வரமாட்டேங்குது. எப்பவோ பாத்தது. எல்லாம் போறதுக்குள்ள அது எனக்கு ஒரு தடவை வேணும், கையாலயாவது."

வெளியூரில் இருக்கும் மகன் இதைக் கேட்டுவிட்டு, ஒரு போட்டோவை அனுப்பினால் போதும், மெஷினே மரத்தில் செதுக்கித் தந்துவிடும் என்றான். எப்படி இருக்கும் என்று காட்ட, அம்மாவின் முகத்தை ஏஐயிடம் கொடுத்து, மரச்சிலை போலவே ஒரு படம் செய்தும் அனுப்பினான். நானும் பார்த்தேன். சும்மா சொல்லக் கூடாது, இழை இழையாக மரம் தெரிந்தது. டச்சிங்காரர் போனை மனைவி கையில் வைத்தார். அக்கா விரலால் தடவிப் பார்த்தார். மேலிருந்து கீழ், கீழிருந்து மேல். "வழுவழுன்னு இருக்கு" என்று திருப்பித் தந்துவிட்டார்.

மெஷினில் செய்வதில் டச்சிங்காரருக்கு மறுப்பு இல்லை. நல்ல படமாக ஒன்று தேடி அலமாரியிலிருந்து ஆல்பங்களை இறக்கினார். கல்யாணப் படம், மகன் பிறந்தபோது எடுத்தது, கடற்கரையில் எடுத்தது. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். அத்தனையும் அவர் கை பட்டவை. ஆசை மனைவி ஆயிற்றே, மற்றவர்களுக்குச் செய்ததைவிட இரண்டு மடங்கு பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்! போனில் எடுத்தவையாவது உருப்படியாக இருக்குமா என்றால், போன் தானாகவே டச்சிங் செய்துவிடுகிறது.

"இந்த வீட்ல இவளோட நிஜ மூஞ்சி ஒண்ணுகூட இல்லம்மா" என்றார் என்னிடம். "மெஷினுக்கு எதை அனுப்புவேன்?"

அப்படித்தான் உளி வந்தது.

முதல் முகம் முடிந்ததும் அதற்கு உப்புத்தாள் தேய்த்து, இன்னும் நைசான தாள் தேய்த்து, கன்னம் வழுக்கும்படி செய்து மனைவி மடியில் வைத்தார். அக்கா நிதானமாகத் தடவினார். "யாருங்க இவ? நல்லா இருக்கா" என்றார். டச்சிங்காரருக்கு மூஞ்சி தொங்கிவிட்டது. இரண்டாவது முகத்தில் நெற்றிக் கோடுகளையும் மோவாய் மருவையும் செதுக்கினார். ஆனால் உப்புத்தாளை எடுத்ததும் கை தன் புத்தியைக் காட்டிவிட்டது. தேய்த்தார், தேய்த்தார், கோடுகள் எல்லாம் தழும்பு ஆறியதுபோல மங்கிவிட்டன. அக்கா தொட்டுப் பார்த்துவிட்டு, "என் தங்கச்சி மாதிரி இருக்கு. அதுவும் கல்யாணத்துக்கு முன்னாடி" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எழுந்து உள்ளே போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை.

அன்று மாலை அக்கா என்னைக் கூப்பிட்டு ஒரு காகிதப் பையைத் திணித்தார். "கீழ கொண்டுபோய் ஒளிச்சு வச்சிடுங்க. கேட்டாலும் குடுக்காதீங்க." வீட்டில் இருந்த உப்புத்தாள் மொத்தமும் அதில். இன்றுவரை என் மேசை இழுப்பறையில்தான் கிடக்கிறது. அவரும் கேட்கவில்லை.

மூன்றாவது முகத்துக்கு வேறு வழி பிடித்தார்கள். ஜன்னலோரம் நாற்காலி போட்டு அக்காவை உட்கார வைத்து, எதிரே உட்கார்ந்து வெறுமனே பார்த்தார். அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "அடுப்புல என்னமோ தீயற வாசம்" என்பார், அடுப்பே பற்றவைத்திருக்க மாட்டார். பிறகு அவர் விரலைப் பிடித்துத் தன் முகத்தில் வைத்து, தானே ஊர் சுற்றிக் காட்டினார். "இங்க ஒரு கோடு இருக்கு, தொடுங்க. இது இறங்கி எங்க போகுது பாருங்க. இத்தனை வருஷம் நீங்க டச்சிங் பண்ணீங்க, இனிமே டச்சிங் என் வேலை."

அவர் விரல் கன்னத்திலேயே நின்றுவிட்டது. "நான் இதெல்லாம் பாத்ததே இல்லம்மா" என்றார். மனைவியிடம் சொன்னாரா, என்னிடம் சொன்னாரா என்று தெரியவில்லை. "கண்ணுல பட்டா உடனே அழிச்சிடுவேன். பாக்கறதுன்னா எனக்கு அதான்." சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் டீத் தம்ளர்களைக் கழுவப் போய்விட்டேன்.

முகம் மெல்ல மெல்ல மரத்திலிருந்து வெளியே வந்தது. காதுகள் பெரும்பாடு படுத்தின. ஒரு காது மடல் ஓரத்தில் சில்லு தெறித்தபோது, மேசை விளிம்பில் அந்த இரண்டு விரல்களும் மூன்று நான்கு முறை அழுத்தின. பார்க்கவே பாவமாக இருந்தது. உதடு ஆயிற்று, மரு ஆயிற்று, கண்ணிமை மடிப்பு ஆயிற்று. கடைசியில் பாக்கி இருந்தது ஒன்றுதான்: மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடி பதிந்த அச்சு. ஊரார் மூக்கிலெல்லாம் அவர் அழித்துத் தள்ளியது.

அதற்கு மட்டும் உளி எழவே இல்லை. "மூக்குல இழை குறுக்க ஓடுது. கொஞ்சம் ஆழம் போனா தண்டே பிளந்துடும்" என்றார். மிச்ச மரத்துண்டுகளில் குழி போட்டுப் பழகினார். ஒவ்வொன்றும் ஒரு விதமாக வந்தது. சில நாட்கள் என் தலைக்கு மேலே சத்தமே இல்லை. சத்தம் இல்லாததால் எனக்கு எழுத்து ஓடவில்லை, பாருங்கள் கூத்தை. பிறகு ஒரு காலையில் மிக மெதுவாக ஒரு டொக் கேட்டது. நீண்ட இடைவெளி. இன்னொரு டொக். அதோடு நின்றுவிட்டது. பேனாவை வைத்துவிட்டு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சற்றுக் கழித்து அக்கா மாடிப்படியில் நின்று குரல் கொடுத்தார். "வாங்களேன். சாட்சிக்கு ஒரு ஆள் வேணும்."

போனேன். முகம் அக்காவின் மடியில் இருந்தது. தேய்க்காத மரம், உளி நடந்த தடமெல்லாம் அதன் மேல் அப்படியே தெரிந்தது. அவர் ஜன்னலுக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டி நின்றிருந்தார். பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பையன்கூட அப்படி நிற்க மாட்டான்.

அக்கா நெற்றியிலிருந்து ஆரம்பித்தார். "இந்தக் கோடெல்லாம் உங்களால வந்தது" என்றார். யாரும் சிரிக்கவில்லை. விரல்கள் கண்ணிமையில் இறங்கின, கன்னத்தைக் கடந்தன, வாயோரத்துக்கு வந்தன. இடது ஓரம் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"இது எப்பங்க இப்படி ஆச்சு?"

"தெரியலம்மா. நான் பாக்காம விட்டுட்டேன்."

அக்கா அந்த ஓரத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிக் கொடுத்தார். மோவாய்க்குப் போய் மருவைத் தொட்டுவிட்டு, மேலே ஏறி மூக்குக்கு வந்தார். விரல்கள் இரண்டு பக்கமும் குழியில் இறங்கின. அங்கேயே நின்றன. பிறகு ஒரு கையை எடுத்து, தன் கண்ணாடியைச் சற்றுத் தூக்கி, அதன் அடியில் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். திரும்ப மரத்தைத் தொட்டார். சுவரோரம் நின்றிருந்தவரின் இடது கை சட்டை நுனியைப் பிடித்துக் கசக்கிக்கொண்டிருந்தது.

அக்கா இரண்டு கைகளாலும் கண்ணாடியைக் கழற்றினார். அது இல்லாமல் அவர் முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. மடியில் இருந்த முகத்தின் காதுகளைத் தேடிப் பிடித்து, சில்லு தெறித்த காதில் ஒரு காம்பையும் மறு காதில் மறு காம்பையும் மாட்டினார். கண்ணாடி அந்தக் குழிகளில் உட்கார்ந்தது. நடுவில் ஒரு விரல் வைத்து, எப்போதும் தனக்குச் செய்துகொள்வதுபோல, அதை லேசாக மேலே தள்ளிவிட்டார்.