தரையில் படாத குதிகால்

நம்பாதவர்கள் சிந்தாமணியின் இடது குதிகாலைப் பார்க்கலாம். தையல் தெறித்துக் கோணலாக ஆறிய தழும்பு இன்னும் இருக்கிறது. 1993, தை மாதம், விருத்தாசலத்தில் நடந்தது.

பீங்கான் கம்பெனியில் கோப்பைகளைக் கிளேஸ் என்னும் மெருகுக் குழம்புத் தொட்டியில் முக்கி எடுக்கும் வேலை அவளுக்கு. நாளெல்லாம் ஈரச் சிமெண்டுத் தரையில் நிற்க வேண்டும். எட்டே மாதத்தில் குதிகால் போய்விட்டது. காலையில் முதல் அடி வைத்தால் ஆணி ஏறுகிற வலி. சுட்ட செங்கல்லில் எருக்கிலை வைத்து மிதித்தாள். ஊசி போட்டாள். கேட்கவில்லை. பாதத்தின் அடியில் ஓடும் நார் இறுகிவிட்டது, கொஞ்சம் வெட்டிவிட்டால் தளரும் என்றார் டாக்டர். மாசிக்குள் வந்து நிற்காவிட்டால் வேறு ஆள் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். ஆபரேஷனுக்குச் சம்மதித்தாள்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள், ஆஸ்பத்திரியில் உச்சி வேளை. கணவன் கொளஞ்சிநாதன் சாப்பாடு வாங்கக் கிளம்பினான்.

"கால கீழ வெச்சுடாத. டாக்டரு என்னத்தான் திட்டுவாரு."

அவன் போனதும் கரண்ட் போனது. ஃபேன் நின்றது. வார்டில் வேறு யாரும் இல்லை. ஆயா துடைத்த தரை பினாயில் ஈரத்தோடு கிடந்தது.

சரக்... சரக்...

ஒரு பெண் வந்தாள். விரல்களை மட்டும் ஊன்றி நடந்தாள். சிந்தாமணிக்குச் சிரிப்பு வந்தது. இந்த வலிக்காரர்கள் எல்லாருக்கும் அதே நடைதான். புறங்காலில் வெள்ளை மண் காய்ந்திருந்தது. நம்ம கம்பெனி ஆள்தான்.

"ஒங்களுக்கும் குதிகாலாக்கா?"

"ஆமாங் கண்ணு. இப்ப வலியே இல்ல. தரையில வெச்சாத்தான வலி?"

குரல் நசுங்கி வந்தது. சிந்தாமணிக்கு வேலை ஞாபகம். தன்னால் எப்போது நடக்க முடியும் என்று கேட்டாள். வந்தவள் கையை நீட்டினாள்.

"வா."

ஈரக் களிமண் மாதிரி... சில்லென்ற கை. அதைப் பிடித்துச் சிந்தாமணி எழுந்தாள்.

நடந்தாள். வலியே இல்லை. வாசல்வரை வந்துவிட்டாள். திரும்பிப் பார்த்தாள்.

ஈரத் தரையில் இரண்டு வரிசைத் தடம். எல்லாம் விரல்நுனி.

அவளுடையதும்...

கையை உதற முடியவில்லை. உடம்பு மேலே... மேலே... கழுத்து இறுகியது. கட்டுப்போட்ட காலைப் பலங்கொண்ட மட்டும் கீழே அழுத்தினாள். தையல் தெறித்தது. உயிர் போகிற வலி.

பிடி விட்டது.

புண் ஆறிப் பங்குனியில் கம்பெனிக்குப் போனபோது அவள் தொட்டியருகே வேறு பெண் நின்றாள். பக்கத்துத் தொட்டி கனகா வெளியே அழைத்துப்போய், நடந்ததைக் கேட்டு வெளுத்துப்போனாள்.

"அது ஆராயி. நீ பயந்துடுவன்னு யாரும் சொல்லல. ஒனக்கு முன்னாடி அங்க நின்னவ. குதிகால் வலின்னு வேலய வுட்டு நிறுத்திட்டாங்க. அன்னிக்கே அந்தத் தொட்டிக்கு மேல, உத்தரத்துல..."

கீழே சிந்திய கிளேஸில் விரல்நுனித் தடம் மட்டுமே இருந்ததாம்.

சிந்தாமணி ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். புதுப் பெண் கோப்பை எடுக்க நகர்ந்தாள்.

விரல்களை மட்டும் ஊன்றி.