மர்ட்டி டூமி வழியடைக்கும் நாள்

பனி உறைந்த காலைகளில், கோயிலுக்கு இறங்கும் வளைவில் சறுக்காமலிருக்க அடுப்புச் சாம்பல் தூவியிருக்கும். பூசைக்கு முன்னால் கதவைத் திறக்க நான் இருட்டோடு சைக்கிளில் அந்தச் சரிவில்தான் இறங்குவேன். கவுன்சில் ஆட்கள் தூவுகிறார்கள் என்று நினைத்து, ஒரு குளிர்காலம் முழுக்க அவர்களுக்காகச் செபமாலை சொன்னேன். ஒரு நாள் கொஞ்சம் முந்திக் கிளம்பிவிட்டேன். மர்ட்டி டூமி காலி வாளியோடு மேடேறி வந்துகொண்டிருந்தார்.

“அடுப்பைச் சுத்தம் பண்ணினேன், டெலியா. எங்கயாவது கொட்டணும்ல?” என்றார்.

சாம்பல் கொட்ட அவர் வீட்டைச் சுற்றி எண்பது ஏக்கர் கிடக்கிறது. அதுவரை நான் சொன்ன செபத்தை ஆண்டவர் சரியான ஆளிடம் சேர்த்திருப்பார் என்று நம்புகிறேன்.

மர்ட்டி மாடு வளர்க்கிறவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அறுபதைத் தாண்டியும் மலையில் சைக்கிள் மிதிக்கிறவர். சைக்கிள் ஏறாத நாளிலும் வலது கால்சட்டையின் நுனி காலுறைக்குள் செருகியபடியே இருக்கும், சங்கிலியில் மாட்டாமலிருக்க. பூசையில் நன்மை அப்பம் வாங்க வரிசையில் வரும்போதும் அப்படித்தான். “பீடத்துல ஏதுப்பா சங்கிலி?” என்று எங்கள் பங்குச் சாமியார் ஒரு தரம் கேட்டார். “பழக்கம், சாமி. பாவம் மாதிரி, விட மாட்டேங்குது,” என்றார் மர்ட்டி.

வெளியூர் சைக்கிள்காரர்கள் அவரிடம் வழி கேட்டால் தொலைந்தார்கள். எந்த வரைபடத்திலும் இல்லாத பெயர்கள் வரும். “நேரா போனா ஃபின்டன் வாந்தியெடுத்த மேடு. அதைத் தாண்டி இடது பக்கம் திரும்பு, ஃபின்டன் கோவிச்சுக்கிட்டு உக்காந்த பாலம் வரும். அங்கேருந்து எறக்கம்தான், காலைத் தொங்கப் போட்டுக்கிட்டே போகலாம்.” கேட்டவர்கள் தலையைச் சொறிந்துகொண்டு போவார்கள்.

ஃபின்டன் அவருடைய தம்பி. இளவட்டத்தில் இருவரும் இந்த மலைகளில் ஏறாத ஏற்றம் இல்லை. முன்னால் மர்ட்டி போவார். அவர் முதுகுக்குப் பின்னால் காற்றுக்கு ஒதுங்கித் தம்பி வருவார். பிறகு ஃபின்டன் டவுனுக்குப் போய்க் குடும்பமாகி, அங்குள்ள சைக்கிள் சங்கத்துக்குச் செயலாளர் ஆனார். சனிக்கிழமைதோறும் சங்கத்தார் மலைச் சாலையில் ஏறி, மர்ட்டியின் வாசலில் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போவார்கள்.

பழைய ரயில் பாதையைச் சைக்கிள் பாதையாக்கும் பேச்சு வந்ததும் எல்லாம் கெட்டது. தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துப்போன காலத்தில், தங்கள் நிலத்துக்கு நடுவே ஓடிய அந்த நீளத் துண்டை இவர்களுடைய அப்பா விலைக்கு வாங்கிப்போட்டிருந்தார். அது மர்ட்டியின் பேரில் இருந்தது. அவரை ஒரு வார்த்தை கேட்காமல், “எங்கண்ணன் தராம இருப்பானா?” என்று ஃபின்டன் கூட்டத்தில் எழுந்து வாக்குக் கொடுத்துவிட்டார். மர்ட்டி தரவில்லை. மாடு மிரளும் என்றார். மாடு ஒரு சாக்கு என்று மாடுகளுக்கே தெரியும். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். அத்தனை பேர் முன்னால் தம்பியின் வார்த்தை பொய்யாய்ப் போனது. அன்றோடு ஃபின்டன் வாசலில் இறங்குவதை நிறுத்திக்கொண்டார். அவர் வண்டி மட்டும் மற்றவர்களோடு சாலையில் போகும், வரும்.

அவர்கள் அம்மாவின் நினைவுப் பூசைக்கு அண்ணன் ஒரு பெஞ்சிலும் தம்பி கடைசிப் பெஞ்சிலும் உட்கார்ந்ததைப் பார்த்து எனக்கு நெஞ்சு கனத்தது. மர்ட்டிக்கும் கனத்திருக்க வேண்டும். அந்த வாரமே கையெழுத்துப் போட்டு வழி விட்டார்.

பாதை நன்றாக வந்தது. மேடு பள்ளம் இல்லை. சங்கத்தார் எல்லோரும் அதில்தான் போகிறார்கள். ஆனால் மர்ட்டியின் நிலத்தில் பழைய ரயில்காரர்கள் மலையை ஆழமாக வெட்டித்தான் பாதை போட்டிருந்தார்கள். மேலே வீட்டிலிருந்து பார்த்தால் போகிறவர்களின் தலைகூடத் தெரியாது. பேச்சு மட்டும் மேலே வரும். சனிக்கிழமையானால் மர்ட்டிக்கு அந்த வெட்டின் ஓரத்தில்தான் வேலி சரிசெய்கிற வேலை இருக்கும். நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், ஊரில் அவ்வளவு உறுதியான வேலி வேறு கிடையாது.

“கையெழுத்துப் போட்டா வருவான்னு நெனச்சேன், டெலியா,” என்று ஒரு தரம் சொன்னார். “பாதை வழியா வர்றான். வீட்டு வழியா வர்றதில்ல. முன்னெல்லாம் மொகத்தையாவது பாத்துக்கிட்டிருந்தேன்.”

வழி விட்டவர் வருஷத்தில் ஒரு நாளாவது அதை அடைத்துவைக்க வேண்டும், இல்லாவிட்டால் விட்ட வழி ஊருக்கே சொந்தமாகிவிடும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். எங்கள் பக்கத்தில் எல்லோரும் அதற்கு ஜனவரியில் மழை கொட்டுகிற ஒரு செவ்வாய்க்கிழமையைத்தான் வைத்துக்கொள்வார்கள். யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. மர்ட்டி மே மாதத்துச் சனிக்கிழமையை வைத்துக்கொண்டார். வேலியோரம் முட்செடி வெள்ளையாய்ப் பூத்து, ஊரே சைக்கிளில் கிளம்பும் நாள். அன்று வெட்டுக்கு முன்னாலிருக்கும் கேட்டில் சங்கிலி போட்டுவிடுவார். வருகிற அத்தனை பேரும் பழையபடி மலைச் சாலையில் ஏறி அவர் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த ஏற்றத்தில் எப்பேர்ப்பட்டவனும் நடக்கிற வேகத்தில்தான் போக முடியும். முகத்தைப் பார்க்காமல் போவது கஷ்டம்.

முதல் வருஷம் ஃபின்டன் வந்தார். முன்சக்கரத்தையே பார்த்தபடி கடந்து போனார். அடுத்த வருஷம் வரவில்லை. ஏதோ கல்யாணம் என்றார்கள்.

போன மே மாதம் பூசை முடிந்து நானும் அங்கே போயிருந்தேன். மர்ட்டி முகம் மழித்திருந்தார், தாடையில் கத்தி பட்ட காயம். வாசலில் மேசை போட்டு, பால், தேநீர், சோடா ரொட்டி எல்லாம் வைத்திருந்தார். முதலில் வந்த பருமனான ஒருவர் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டுப் புல்லில் விழுந்தார்.

“ஏன்யா மர்ட்டி, வருஷம் முழுக்கத் தேடி உனக்கு இந்த நாள்தான் கெடச்சுதா? நெஞ்சு வெடிச்சிடும் போல இருக்கு.”

“சட்டம் அப்படிய்யா.”

“ஜனவரியில சட்டம் கெடையாதா?”

“ஜனவரியில மாடு கன்னு போடும். ரொட்டி எடுத்துக்கோ. திட்டுறதுக்குத் தெம்பு வேணும்ல?”

எல்லோரும் சிரித்தார்கள். மர்ட்டியின் கண் மட்டும் அவர்கள் தலைக்கு மேலே வளைவில் இருந்தது. கடைசியாக வந்தவள் அஸம்ப்டா என்ற பெண். தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு நேராக அவரிடம் வந்தாள்.

“அவர் வரல, மர்ட்டி. கீழ கேட் வரைக்கும் எங்களோடதான் வந்தார்.”

“கேட் வரைக்குமா?”

“சங்கிலியத் தூக்கிப் பாத்தார். ‘பூட்டு இல்ல, சும்மா சுத்தி விட்டிருக்கான்’னார். சிரிச்ச மாதிரி இருந்துச்சு. அப்புறம், நீங்க போங்கன்னுட்டுத் திரும்பிட்டார்.”

“சிரிச்சானா?”

“சிரிச்ச மாதிரிதான் இருந்துச்சு.”

மர்ட்டி யாரும் கேட்காத இன்னொரு ரொட்டியை எடுத்து வெட்ட ஆரம்பித்தார். பாதி வெட்டியபின், “எளச்சுட்டானா?” என்று கேட்டார்.

“கொஞ்சம்,” என்றாள் அஸம்ப்டா.

எல்லோரும் போனபின் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே, “அவர் வரணும்னு ஏன் காத்திருக்கணும்? நீங்களே ஒரு நடை போனா என்ன?” என்றேன்.

“போனேனே. ரெண்டு தரம். அவன் தெரு முனை வரைக்கும்.” ஈரக் கோப்பையைத் துடைத்தார். “கதவுக்குப் பச்சைப் பெயின்ட் அடிச்சிருக்கான். நல்லாதான் இருக்கு.”

அக்டோபரில் நான் கால்வே நகரத்தில் இருக்கும் மகளோடு தங்கக் கிளம்பினேன். இனிமேல் கோயில் கதவைத் திறக்க வேறொரு பெண் வருவாள். சொல்லிக்கொண்டு போக மர்ட்டியின் வீட்டுக்குச் சைக்கிளில் போனேன். இரண்டு பேரும் வேலியோரம் நின்றோம். வெட்டுக்குள்ளிருந்து யார் யாரோ பேசிக்கொண்டு போகும் சத்தம் மேலே வந்து, குறைந்து, நின்றது. அவர் காதைத் திருப்பவில்லை, அன்று புதன்கிழமை.

“உங்க ரெண்டு பேருக்காகவும் மாதாகிட்ட தினமும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்,” என்றேன். “அடுத்த மே மாசம் அவர் வாசல்ல வந்து நின்னுட்டா என்ன சொல்லுவீங்க? யோசிச்சு வெச்சிருக்கீங்களா?”

மர்ட்டி குனிந்து, என் சைக்கிளின் பின்டயரைக் கட்டைவிரலால் அழுத்தினார்.

“ஒண்ணும் சொல்ல மாட்டேன். இப்படி அமுக்கிப் பாப்பேன். அந்தப் பய எப்பவும் காத்து கம்மியாதான் வெப்பான்.”